பாம்பின் விஷத்தை எடைபோடும் விஞ்ஞானம்

காலபோக அறுவடை நாட்களில் வரம்பில் நடக்கும்போது நாம் எல்லோரும் ஒருமுறையாவது திடுக்கிட்டு நின்று காலடியைப் பார்த்திருப்போம். இடம்பெயர்ந்து, தறப்பாளின் கீழ் வெறும் நிலத்தில் பாய் விரித்துப் படுத்த இரவுகளில் அந்தப் பயம் இன்னும் கூடியது. அது வீண் பயமன்று. தீவு முழுவதும் வீடு வீடாக நடத்தப்பட்டு 2016இல் வெளியான ஆய்வொன்று, இலங்கையில் ஓராண்டில் ஏறத்தாழ 80,000 பேரைப் பாம்பு கடிப்பதாகவும், அவர்களுள் 30,000 பேருக்கு மேல் விஷம் ஏறுவதாகவும், 400க்கு மேற்பட்டோர் இறப்பதாகவும் கணித்தது.

வைத்தியசாலையில் ஏற்றப்படும் விஷமுறிவு மருந்து எவ்வாறு உண்டாகிறது? குதிரைக்குச் சிறுகச் சிறுகப் பாம்பு விஷத்தை ஏற்றுவார்கள். அதன் இரத்தத்தில் அவ்விஷத்தைப் பற்றிப் பிடிக்கும் எதிர்ப்புப் பொருள் உண்டாகும். அதைப் பிரித்தெடுப்பதே மருந்து. இலங்கை நெடுங்காலமாக இந்தியாவில் செய்த மருந்தையே நம்பியுள்ளது. அதற்கான விஷத்தின் பெரும்பகுதி தமிழ்நாட்டில் இருளர் சமூகத்தவர் 1978இல் தொடங்கிய கூட்டுறவுச் சங்கத்திலிருந்து கிடைத்து வந்தது. அப்படியாயின், எங்கள் வயலில் கிடக்கும் புடையனின் விஷமும் தமிழ்நாட்டுப் புடையனின் விஷமும் ஒன்றுதானா?

இவ்வகைக் கேள்விகளுக்கு விடை தேடியோருள் ஒருவர், கொழும்புப் பல்கலைக்கழக மருத்துவ பீடத்தில் பேராசிரியராகப் பணியாற்றிய அரியராணி ஞானதாசன். நோயாளரின் கட்டிலருகே தொடங்கிய ஆய்வு இவருடையது. யாழ்ப்பாணத்தில் சுருட்டை விரியன் கடித்து வந்தவர்களை இவரும் சக வைத்தியர்களும் ஆராய்ந்து 2012இல் எழுதினார்கள். வேறு நாடுகளில் உயிர்குடிக்கும் அந்தப் பாம்பின் கடி, இங்கே பெரும்பாலும் மிதமாகவே இருந்தது. பின்னர் மலாயாப் பல்கலைக்கழக விஞ்ஞானிகளோடு சேர்ந்து விஷத்தையே பிரித்து ஆராயும் வேலையில் பங்குகொண்டார்.

பாம்பு விஷம் ஒரே பொருளன்று. அது பல புரதங்களின் கலவை. அவை ஒவ்வொன்றையும் இனங்கண்டு, எது எவ்வளவு என்று கணக்கிடும் கல்வியைப் புரோட்டியோமிக்ஸ் என்பர். அதன் கருவி திணிவு நிறமாலைமானி. நாம் நெல்லைத் தூற்றும்போது பதர் தூரப் போகும், மணி கிட்ட விழும். ஒரே காற்று பாரத்தைக் கொண்டு இரண்டையும் பிரிக்கிறது. இக்கருவியில் காற்றுக்குப் பதிலாக மின்சாரம் வேலை செய்கிறது. புரதத்தைச் சிறு துண்டுகளாக வெட்டி, மின்னேற்றி, காற்றில்லாத குழாயில் ஓடவிடுவார்கள். பாரம் குறைந்தது முந்தும், கூடியது பிந்தும். துண்டுகளின் எடையைக் கொண்டு இன்ன புரதம் என்று கண்டுகொள்வார்கள். பெரிய புரதங்களைச் சிதைக்காமல் மின்னேற்றும் வழிகளைக் கண்ட அமெரிக்கரான ஜோன் பென்னும் ஜப்பானியரான கொயிச்சி தனாக்காவும் 2002இல் நோபல் பரிசில் பங்கு பெற்றனர்.

இலங்கைப் புடையனின் விஷத்தை இவ்வாறு பகுத்த ஆய்வு 2015இல் வெளியாயிற்று. அவ்விஷத்தில் மூன்றில் ஒரு பங்களவு பொஸ்போலிப்பேஸ் என்னும் வகைப் புரதம். நரம்பு நுனியைத் தாக்கும் நச்சும் இவ்வகையைச் சேர்ந்ததே. புடையன் கடித்த எம்மவர்க்கு இரத்தம் உறையாமற் போவதோடு கண்ணிமையும் சரிந்து விழுவது இதனாலேயே. எண்ணெய் விரியனை ஆராய்ந்து 2017இல் வெளியிட்ட முடிவு இன்னொரு பாடம். இலங்கை, இந்தியா, பாகிஸ்தான் ஆகிய மூன்று நாட்டு விஷமும் பெரும்பாலும் ஒத்திருந்தன. ஆனால் மருந்து அவற்றைப் பற்றிப் பிடித்த அளவு வேறுபட்டது.

ஆகவே இந்நாட்டுப் பாம்புகளின் விஷத்தைக் கொண்டே மருந்து செய்யவேண்டும் என்ற கோரிக்கைக்கு இப்போது சான்று உண்டு. கொஸ்தாரிக்காவிலுள்ள குளோடோமிரோ பிக்காடோ நிறுவனம் அப்படியொரு மருந்தைத் தயாரித்தது. அதன் ஆய்வுகூட முடிவுகள் 2016இல் வெளியாயின. இந்திய மருந்து கவனியாத, சிங்களத்தில் குனகட்டுவா எனப்படும் சிறு விரியனையும் அதில் சேர்த்திருந்தார்கள்.

இதைக் கேட்டு, இப்போதுள்ள மருந்து பயனில்லை என்று எவரும் எண்ணிவிடக் கூடாது. இன்று உயிர் காப்பது அதுவே. ஆனால் அது இரத்தத்தில் ஓடும் விஷத்தையே பிடிக்கும். நரம்பு நுனியை ஏற்கெனவே சிதைத்துவிட்ட விஷத்தை அதனால் மீட்க முடியாது. ஆய்வுகூடத்தின் இந்த உண்மை நமக்குச் சொல்வது ஒன்றே: சுணங்கக் கூடாது.

கடிபட்டவரை ஓடவிடாமல், கடிபட்ட கையையோ காலையோ அசைக்காமல் கொண்டுசெல்வோம். மோதிரம், காப்பு முதலியவற்றைக் கழற்றுவோம். இறுகக் கட்டவோ, கீறவோ, உறிஞ்சவோ வேண்டாம். பாம்பை அடித்துக் கொண்டுபோகும் முயற்சியில் இன்னொருவரும் கடிபட வேண்டாம். இரவில் நிலத்தில் படுத்தவருக்கு வயிற்றுவலியோ இமைச் சரிவோ கண்டால், கடித்த அடையாளம் இல்லாவிட்டாலும் எண்ணெய் விரியனைச் சந்தேகிப்போம். அதன் கடி வலிக்காமலும் இருக்கலாம். படுக்கும்போது நுளம்பு வலையின் ஓரத்தைப் பாயின் கீழே செருகிக்கொள்வோம். இருட்டில் ரோச் லைற் இல்லாமல் இறங்காதிருப்போம்.