உங்கள் வீட்டில் கட்டட வேலையா?

சொந்தமாக வீடு கட்டும் குடும்பத்தில், பள்ளிக்குச் செல்லும் பிள்ளைக்கும் எப்படியாவது ஒரு வேலை வந்து சேரும். அப்பா கடையிலோ அலுவலகத்திலோ இருப்பார். அம்மா சித்தாள்களுக்குக் கூலிக் கணக்குப் பார்த்துக்கொண்டிருப்பார். "நீ போய் வேலை நடக்கிற இடத்தில் நில், சுவருக்குத் தண்ணீர் ஊற்று" என்று உங்களை அனுப்புவார்கள். பொறியாளரின் மேற்பார்வை இல்லாமல், ஒரு மேஸ்திரியின் அனுபவத்தை மட்டுமே நம்பி எழும் வீடுகள் நம் ஊர்களில் மிகுதி. அந்த அனுபவத்தை நான் குறைத்து மதிப்பிடவில்லை. ஆனால் பத்தாம் வகுப்பு அறிவியல் தெரிந்த ஒருவர் அங்கே நின்று, நான்கைந்து இடங்களில் சரியான கேள்வியைக் கேட்டால், கடன் வாங்கிக் கட்டும் வீட்டில் பல தொல்லைகள் வராமலே போகும். ஓரிடத்தில் ஓர் உயிரே தப்பக்கூடும். அதைக் கடைசியில் சொல்கிறேன்.

முதலில் சிமென்டை எடுத்துக்கொள்வோம். கான்கிரீட் காய்ந்து இறுகுகிறது என்றே எல்லாரும் சொல்கிறார்கள். சேறு காய்ந்தால் இறுகும். மறுபடி நனைத்தால் குழைந்துவிடும். சிமென்ட் தண்ணீருக்கு அடியிலேயே இறுகுமே, அது எப்படி? சிமென்டில் உள்ள கால்சியம் சிலிக்கேட்டுகள் நீருடன் வேதிவினை புரிந்து, நுண்ணிய இழைகளும் தகடுகளும் பின்னிக்கொண்ட ஒரு புதிய பொருளாக மாறுகின்றன. அந்தப் பின்னல்தான் மணலையும் ஜல்லியையும் கட்டிப் பிடிக்கிறது. இந்த வினைக்கு நீரேற்றம் என்று பெயர். வினையின்போது வெப்பம் வெளிப்படும். புதிதாகப் போட்ட தடித்த கான்கிரீட்டைச் சில மணி நேரம் கழித்துத் தொட்டுப் பாருங்கள், வெதுவெதுப்பு தெரியும். ஆகவே தண்ணீர் இங்கே கலப்பதற்கு உதவும் பொருள் மட்டுமன்று. வினையில் பங்கு கொள்ளும் பொருள்.

அப்படியானால் எவ்வளவு தண்ணீர் வேண்டும்? 50 கிலோ மூட்டை ஒன்றுக்கு வேதிவினையில் பிணைவது சுமார் 11 அல்லது 12 லிட்டர். இறுகும் பொருளின் மிக நுண்ணிய துளைகளில் தங்குவதையும் சேர்த்தால் ஏறத்தாழ 20 லிட்டர். கலவை அச்சுக்குள் நன்றாக இறங்குவதற்காகக் கொஞ்சம் கூட்டி, 25 லிட்டர் என்று வைத்துக்கொள்ளலாம். நடப்பது என்ன? குழைவாக இருந்தால் கொட்டுவதும் எளிது, சமன் செய்வதும் எளிது என்பதால், குழாயைத் திறந்து விட்டபடியே கலக்குகிறார்கள். 35 லிட்டர் போய்விடுகிறது. மிஞ்சிய தண்ணீர் பிறகு ஆவியாகும். அது இருந்த இடங்கள் வெற்றுத் துளைகளாக நிற்கும். துளை மிகுந்த ரொட்டி விரலால் அழுத்தினாலே அமுங்குவது போல, துளை மிகுந்த கான்கிரீட்டும் பளு தாங்காது.

நீருக்கும் சிமென்டுக்கும் உள்ள விகிதம் கூடக் கூட வலிமை விரைந்து குறைகிறது என்பதை அமெரிக்காவில் டஃப் ஏப்ரம்ஸ் என்பவர் ஏராளமான சோதனைகள் செய்து 1918இல் வெளியிட்டார். 25 லிட்டருக்குப் பதில் 35 லிட்டர் ஊற்றினால் வலிமையில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் போய்விடும். சிமென்ட் விலையில் பைசா குறையாது, பலம் மட்டும் குறையும்! எனவே ஒரு வாளியின் கொள்ளளவை முன்பே அளந்து கோடு போட்டு வைத்துக்கொண்டு, தண்ணீரை வாளியால்தான் ஊற்ற வேண்டும் என்று அன்போடு கேட்டுக்கொள்ளுங்கள். மேஸ்திரி சிரிப்பார். சிரித்துவிட்டுச் செய்வார். கலவை சற்றுக் கெட்டியாக இருக்கிறதே என்றால் அதற்கு மருந்து தண்ணீரன்று. வைபரேட்டர் கொண்டோ கம்பியால் குத்தியோ காற்றுக் குமிழிகளை வெளியேற்றுவதுதான்.

இன்னொரு நுட்பம். மழையில் நனைந்த மணலிலேயே தண்ணீர் இருக்கிறது. ஒரு மூட்டை சிமென்டுக்குப் போடும் மணல் ஏறத்தாழ 100 கிலோ. அதில் 5 சதவீதம் ஈரம் இருந்தால் 5 லிட்டர் ஆயிற்று. அதை 25இல் கழித்துக்கொள்ள வேண்டாமா?

மணல் என்றதும் ஒரு வேடிக்கை நினைவுக்கு வருகிறது. உலர்ந்த மணல் ஒரு தம்ளர் எடுத்து, சில துளி நீர் விட்டுக் கிளறி, மறுபடி அதே தம்ளரில் தளர்வாக நிரப்புங்கள். மணல் மிஞ்சும்! ஒவ்வொரு மணியையும் சுற்றியுள்ள நீர்ப்படலம் தன் பரப்பு இழுவிசையால் மணிகளை ஒன்றையொன்று நெருங்கவிடாமல் பிடித்து வைக்கிறது. ஆகவே ஈர மணல் 20 முதல் 30 சதவீதம் வரை பருமன் கூடி நிற்கும். முழுவதும் நீரில் மூழ்கடித்தால் படலங்கள் மறைந்து, மணல் பழைய அளவுக்கே படிந்துவிடும். 100 கன அடி கொண்ட ஒரு யூனிட் மணலை ஈரத்தோடு வாங்கினால் உள்ளே இருப்பது 80 கன அடியாக இருக்கலாம். லாரிக்காரர் மீது பழி போடுவதா, பரப்பு இழுவிசை மீது போடுவதா என்பதை நீங்களே முடிவு செய்யுங்கள்.

கலக்கும்போது தண்ணீரைக் குறைக்கச் சொன்ன நான், இறுகிய பிறகு தாராளமாக ஊற்றச் சொல்கிறேன். இதில் முரண் இல்லை. நீரேற்றம் ஒரே நாளில் முடிவதன்று. வலிமையைக் கணக்கிடவே 28 நாள் காத்திருக்கிறார்கள். இடையில் வெயிலில் நீர் ஆவியாகிவிட்டால் வினை பாதியில் நின்றுபோகும். சாதாரண போர்ட்லண்டு சிமென்டுக்குக் குறைந்தது 7 நாள், சாம்பல் முதலியன கலந்த சிமென்டுக்கும் கடும் வெயில் காலத்துக்கும் 10 நாள் ஈரம் காக்க வேண்டும். காலையில் ஒரு குடம், மாலையில் ஒரு குடம் ஊற்றினால் போதாது. நடுப்பகலில்தான் அது உலர்கிறது. தளத்தின் மேல் வயலைப் போலப் பாத்தி கட்டித் தண்ணீரைத் தேக்குங்கள். தூணுக்குச் சாக்கைச் சுற்றி நனையுங்கள். இது உங்கள் பொறுப்பில் விடப்படும் வேலை, சுவையற்ற வேலையுந்தான். ஆனால் வீட்டின் வலிமையில் பெரும் பங்கு அதில் அடங்கியிருக்கிறது.

கட்டி முடித்துச் சில ஆண்டுகளில் சுவரின் அடிப்பாகம் உப்புப் பூத்து உதிர்வதைப் பார்த்திருப்பீர்கள். அது தந்துகிக் கவர்ச்சியின் வேலை. நூறில் ஒரு மில்லிமீட்டர் ஆரமுள்ள குழாயில் நீர் சுமார் ஒன்றரை மீட்டர் ஏறும் என்பதை வாய்பாட்டில் போட்டுப் பாருங்கள். செங்கல்லிலும் கலவையிலும் அத்தகைய வழிகள் எண்ணற்றவை. நிலத்து நீர் கரைந்த உப்பையும் சுமந்துகொண்டு ஏறுகிறது. சுவர்ப் பரப்பில் நீர் ஆவியாக, உப்பு படிகமாகிப் பூச்சைப் பெயர்க்கிறது. மேலே எத்தனை முறை பூசினாலும் பயனில்லை. கடைக்கால் முடிந்து சுவர் தொடங்கும் மட்டத்தில், நீர் புகாத ஓதத்தடுப்புப் படுகை ஒன்றை இடையே போடுவதே வழி. அந்த நாளைத் தவறவிட்டால் பிறகு செய்வது கடினம்.

மட்டம் பார்க்கும் தண்ணீர்க் குழாயைப் பற்றி ஒரு சொல். இரு முனையிலும் நீர் ஒரே உயரத்தில் நிற்கும் என்ற விதி, குழாய்க்குள் காற்றுக் குமிழி இல்லாதபோதுதான் நம்பத்தக்கது. முனைகளை அருகருகே பிடித்து, இரு மட்டமும் ஒன்றுகிறதா என்று பார்த்த பிறகே வேலையைத் தொடங்கச் சொல்லுங்கள்.

இனி, உயிர் என்று சொன்னேனே, அந்தச் செய்தி. கான்கிரீட்டை அழுத்தினால் மிக நன்றாகத் தாங்கும். இழுத்தாலோ அதில் பத்தில் ஒரு பங்குகூடச் சரியாகத் தாங்காது. இழுவிசையைத் தாங்குவதற்கென்றே உள்ளே இரும்புக் கம்பி வைக்கிறோம். ஆகவே கம்பி எத்தனை என்பதைப் போலவே, கம்பி எங்கே என்பதும் முக்கியம். ஒரு பெரிய ரப்பரை எடுத்து அதன் பக்கவாட்டில் நெருக்கமாகச் செங்குத்துக் கோடுகள் வரையுங்கள். இரு பென்சில்கள் மேல் அதை வைத்து நடுவில் அழுத்துங்கள். கீழ்ப்புறம் கோடுகள் விலகும், மேற்புறம் நெருங்கும். இரு சுவர்கள் மேல் கிடக்கும் கூரைத்தளம் இப்படித்தான் வளைகிறது. எனவே அதன் நடுப்பகுதியில் கம்பி அடிப்பக்கம் இருக்க வேண்டும். இப்போது ரப்பரின் ஒரு முனையை மேசை விளிம்பில் அழுத்திப் பிடித்து, வெளியே நீட்டிய முனையைக் கீழே தள்ளுங்கள். கோடுகள் விலகுவது இம்முறை மேற்புறத்தில்! சன்னலுக்கு மேலே நீட்டிக்கொண்டிருக்கும் சன்ஷேடும் பால்கனியும் இந்த வகை. அவற்றில் கம்பி மேற்பக்கம் இருந்தாக வேண்டும். அதுவும் உள்ளே லிண்டலோடு சேர்த்துக் கட்டப்பட்டிருக்க வேண்டும்.

எங்கள் தெருவில் ஒரு வீட்டில் பலகை பிரித்த அன்று மாலையே சன்ஷேடு மொத்தமாகக் கீழே வந்தது. கீழே ஆள் இல்லாதது நற்பேறு. உடைந்த துண்டைப் போய்ப் பார்த்தேன். கம்பிகள் வரிசை பிசகாமல், சம தூரத்தில், மிக அழகாக அமைந்திருந்தன, அத்தனையும் அடிப்பக்கத்தில். கம்பி கட்டியவர் மேலேயே கட்டியிருக்கவும் கூடும். கான்கிரீட் கொட்டும்போது ஆட்கள் அதன்மேல் மிதித்து நடந்தால் மெல்லிய கம்பி கீழே இறங்கிவிடும். முக்கால் சாண்கூட இல்லாத தடிப்பில், இரண்டு அங்குலம் இறங்கினாலே அது இருந்தும் இல்லாதது போலத்தான். ஆகவே கொட்டுகிற நாளன்று சன்ஷேடுக்கு அருகில் நில்லுங்கள். கம்பியைத் தாங்கிப் பிடிக்கும் வளைகம்பிகள் அடியில் இருக்கின்றனவா, யாராவது கம்பி மேல் நிற்கிறார்களா என்று பாருங்கள். சின்னப் பிள்ளை சொல்லிக் கேட்பதா என்று எவரேனும் முகம் சுளித்தால், ரப்பரைக் காட்டுங்கள்.

முட்டுக்கொடுத்த கழிகளை எப்போது எடுப்பது? இந்தியத் தர நெறிப்படி, சாதாரண போர்ட்லண்டு சிமென்டானால், 4.5 மீட்டர் வரை இடைவெளியுள்ள தளத்துக்கு 7 நாள், அதற்கு மேல் 14 நாள். சாம்பல் கலந்த சிமென்ட் மெதுவாக வலுப்பெறுவதால் இன்னும் சில நாள் விடுவது நல்லது. எந்த வரிசையில் எடுப்பது என்பதிலும் ஒரு நுட்பம் உண்டு. கூரைத்தளத்தில் நடுவிலிருந்து தொடங்கிச் சுவரை நோக்கி வர வேண்டும். சன்ஷேடில் வெளிமுனையிலிருந்து தொடங்கிச் சுவரை நோக்கி வர வேண்டும். மாற்றிச் செய்து, சன்ஷேடின் சுவரோரக் கழிகளை முதலில் எடுத்துவிட்டால், அது சுவரிலும் முனைக்கழியிலும் கிடக்கும் சிறு தளம்போல ஆகி, இழுவிசை கம்பியில்லாத அடிப்பக்கத்துக்கு மாறிவிடும். கூரைத்தளத்தில் நடுக்கழியை மட்டும் விட்டுவிட்டு ஓரத்துக் கழிகளை எடுத்தால் எந்தப் பக்கம் விரிசல் விடும்? ரப்பரின் நடுவில் ஒரே ஒரு பென்சிலை வைத்து, இரு முனைகளையும் கீழே அழுத்திப் பாருங்கள்.