சென்னைக்கு அனுப்பும் கீஃபர் பேரிக்காயை மலையிலேயே பழுக்க வையுங்கள்

மயிலாப்பூர், தி.நகர் தள்ளுவண்டிகளில் நம் மலைப் பேரிக்காயை வாங்குபவர்கள் சொல்லும் குறை ஒன்றுதான்: கல் மாதிரி இருக்கிறது. அடையாறு பழக்கடைகளில் வெளிநாட்டுப் பேரிக்காய் இதைவிடப் பல மடங்கு விலைக்குப் போகிறது. கொடைக்கானல், நீலகிரி விவசாயிகளே, இதற்கு உங்கள் மரத்தைக் குறை சொல்ல வேண்டாம்.

கீஃபர் பழமையான ரகம். அமெரிக்காவின் பிலடெல்பியாவில் பீட்டர் கீஃபர் என்பவரின் தோட்டத்தில், ஆசிய மணல் பேரியும் ஐரோப்பியப் பேரியும் தானாகக் கலந்து முளைத்த கன்று இது. 1863-ல் முதலில் காய்த்தது. மணல் பேரியின் வாரிசு என்பதால்தான் கடிக்கும்போது நறநறவென்கிறது. குறைந்த குளிரிலேயே பூத்துக் காய்ப்பதும் அந்த வழியில் வந்த குணம்தான். அதிகக் குளிர் கேட்கும் ஐரோப்பிய ரகங்கள் நம் மலைகளில் இந்த அளவுக்குக் கைகொடுப்பதில்லை.

பேரிக்காயை மாம்பழம் போல மரத்திலேயே கனிய விடக்கூடாது. விட்டால் மணல்தன்மை கூடும். வெளியே நன்றாகத் தெரியும் காய், நடுவில் பழுப்பேறி அழுகியிருக்கும். கரும்பச்சை வெளுத்து இளம்பச்சையாகும்போது ஒரு காயைப் பிடித்து மேல்நோக்கித் தூக்கிப் பாருங்கள். காம்பு சுலபமாகக் கழன்றால் பறிக்கலாம். இழுத்துப் பிய்க்க வேண்டியிருந்தால் இன்னும் சில நாள் பொறுங்கள். உலுக்கி உதிர்ப்பது கூடவே கூடாது. அடிபட்ட இடம் கறுத்துவிடும்.

விலை தீர்மானமாவது இதற்குப் பிறகுதான். கீஃபர் நன்றாகக் கனிய 16 முதல் 18 டிகிரி செல்சியஸ் வெப்பம் வேண்டும். 30 டிகிரிக்கு மேல் தோல் மஞ்சளாகுமே தவிர, சதை சரியாக மென்மையாகாது. ஆவணியில் சென்னைப் பகல் வெயில் எவ்வளவு என்று உங்களுக்கே தெரியும். பச்சையாகப் போகும் காய் அங்கே கனியவே வாய்ப்பில்லை. வேண்டிய குளிர்ச்சி உங்கள் வீட்டுத் திண்ணையில், காசில்லாமல் கிடைக்கிறது. காற்றோட்டமான நிழலில் வைக்கோல் பரப்பி, ஒற்றை அடுக்காக வைத்தால் இரண்டு, மூன்று வாரங்களில் கனியும். காம்புக்கு அருகில் கட்டை விரலால் அழுத்தினால் லேசாக அமுங்க வேண்டும். அந்தப் பக்குவம் தொடங்கியதுமே காகிதம் சுற்றி அட்டைப் பெட்டியில் அனுப்பிவிடுங்கள். முழுதும் கனிந்தது வழியிலேயே நசுங்கும்.

உப்பு, மிளகாய்த்தூள் தொட்டு மொறுமொறுவென்று தின்பவர்களும் சென்னையில் நிறைய உண்டு. எனவே எல்லாக் காயையும் பழுக்க வைக்க வேண்டியதில்லை. இந்தப் பருவத்தில் பத்துப் பெட்டியை மட்டும் தனியாகக் கனிய வைத்து அனுப்பி, கிடைக்கும் விலையை ஒப்பிட்டுப் பாருங்கள். பழைய மரங்களை வெட்டுவதா வேண்டாமா என்று அதன்பின் முடிவெடுக்கலாம்.