மண் புறப்படும் முன்னே

நீர் போகும் வழி – 14

கட்டுமான மனையில் விழுகிற மழை எதையெல்லாம் அள்ளிக்கொண்டு வெளியேறுகிறது என்று பார்த்துவருகிறோம். சாக்கடை நீர் சுத்திகரிப்பு நிலையத்துக்குப் போக வேண்டியது. மழைநீர் வடிகாலில் ஓடுவதோ அப்படியே ஏரிக்கும் ஆற்றுக்கும் போய்ச் சேரும். முந்தைய வாரங்களில் சொன்னவற்றில் இதை மட்டும் நினைவில் வைத்தால் போதும்.

இந்த வாரம் சிமென்ட் கழுவிய நீரைப் பற்றி எழுதுவதாகச் சொல்லியிருந்தேன். அதற்குள் களிமண் குறுக்கே வந்துவிட்டது.

கடைக்கால் தோண்டிக் குவித்த மண்ணில் ஒரு பிடி எடுத்து, கண்ணாடி பாட்டிலில் தண்ணீரோடு குலுக்கி வையுங்கள். மணல் கண்ணெதிரே அடியில் தங்கிவிடும். மேலே நிற்கும் காவி நிறக் கலங்கல் மட்டும் மறுநாள் காலையிலும் அப்படியே இருக்கும். ஏன் என்பதற்கு, 1851இல் இயற்பியலாளர் ஜார்ஜ் ஸ்டோக்ஸ் தந்த கணக்கு விடை சொல்கிறது. துகளின் விட்டம் பத்தில் ஒரு பங்கானால், அது இறங்கும் வேகம் நூறில் ஒரு பங்காகிவிடும். 0.1 மில்லிமீட்டர் மணல் அசையாத நீரில் 1 மீட்டர் இறங்க ஏறக்குறைய 2 நிமிடம் ஆகும். 0.01 மில்லிமீட்டர் வண்டலுக்கு 3 மணி நேரம். 0.002 மில்லிமீட்டர் களிமண்ணுக்கு 3 நாள்! அதுவும் நீர் துளிகூட அசையாமல் இருந்தால்தான்.

இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்த பிறகு, மனையின் வாசலில் கட்டும் வண்டல் தொட்டியை என்னால் பழையபடி பார்க்க முடியவில்லை. அடைமழையில் அந்தத் தொட்டியில் நீர் சில நிமிடம் நின்றாலே அதிகம். மணல் தங்கும்; களிமண் தாண்டிப் போய்விடும். போகும்போது எண்ணெய், உலோகம், பாஸ்பரஸ் எல்லாவற்றையும் மேலே ஒட்டிக்கொண்டு போகும். ஏரியில் வெளிச்சத்தை மறைக்கும், மீனின் செவுளை அடைக்கும்.

களிமண் இறங்காததற்கு இன்னொரு காரணமும் உண்டு. துகள்கள் எல்லாம் எதிர்மின்சுமை கொண்டவை. ஒன்றையொன்று விலக்கித் தள்ளும். படிகாரம் அந்தச் சுமையைத் தணிப்பதால் அவை திரண்டு கனத்து இறங்குகின்றன. நம் வீடுகளில் இதற்குத் தேத்தாங்கொட்டை இருந்தது. புதுவெள்ளக் காலத்தில் குடத்தின் உட்புறம் அதை உரைத்துவிட்டு நீரை ஊற்றிவைப்பார்கள். அதிலிருந்து வரும் பசைப்பொருள் துகளுக்குத் துகள் பாலம் போட்டு இணைத்துவிடும். கலித்தொகையிலேயே இந்த வழக்கம் பதிவாகியிருக்கிறது.

இதே வேதியியலைச் சிங்கப்பூர் கட்டுமான மனைக்குள் கொண்டுவந்துவிட்டது. அங்கே நிலப்பரப்பில் மூன்றில் இரண்டு பங்கு குடிநீர்த் தேக்கங்களுக்கான நீர்ப்பிடிப்புப் பகுதி. தெரு வடிகாலில் ஓடுவது நாளைக்குக் குழாயில் வரவேண்டிய தண்ணீர். அதனால் மனையின் கலங்கல் நீரைக் குட்டையில் தேக்கி, தெளியவைத்துத்தான் விட வேண்டும். லிட்டருக்கு 50 மில்லிகிராமுக்கு மேல் மிதக்கும் துகள் இருந்தால் விதிமீறல். நீர் வெளியேறும் இடத்தில் கேமரா. நிறம் மாறினால் கண்டுபிடிக்கக் கணினி.

அங்கே வேலை பார்த்துத் திரும்பிய புதுக்கோட்டைக்காரர் ஒருவரிடம் பேசிக்கொண்டிருந்தேன். "மேகம் கட்டிருச்சுன்னா முதல்ல வெட்டுன சரிவுல தார்ப்பாயத்தான் இழுத்து மூடுவோம்ணே. மத்த வேலையெல்லாம் அப்புறந்தான்" என்றார். தெளியவைக்கும் ஏற்பாட்டைவிட அந்தத் தார்ப்பாய்தான் முக்கியம். 5 மில்லிமீட்டர் மழைத்துளி விநாடிக்கு 9 மீட்டர் வேகத்தில் வந்து விழுகிறது. அந்த அடியில்தான் மண் பெயர்கிறது. பெயர்ந்து நீரில் கலந்துவிட்ட களிமண்ணைப் பிடிப்பது பெரும்பாடு. பெயரவிடாமல் காப்பது எளிது.

இங்கே சென்னையின் ஆண்டு மழையில் பாதிக்கு மேல் அக்டோபர் முதல் டிசம்பருக்குள் கொட்டிவிடுகிறது. அந்த மாதங்களில் மனை முழுவதையும் ஒரே வீச்சில் வெட்டிப்போடக் கூடாது. கட்டப்போகும் பகுதியை மட்டும் வெட்டி, மற்ற இடத்துப் புல்லைத் தொடாமல் விட வேண்டும். குவித்த மண்ணை அன்றன்றே மூட வேண்டும். மண்ணைத் தடுக்கக் கட்டும் துணிவேலியின் அடிப்பகுதி அரையடி ஆழத்துக்குப் புதைந்திருக்க வேண்டும்; இல்லையென்றால் நீர் அடியில் புகுந்து ஓடிவிடும். டிப்பர் லாரி வெளியேறும் வாசலில் ஜல்லி பரப்பினால் டயரில் ஒட்டிய சேறு சாலைக்கு வராது. அடித்தளப் பள்ளத்தில் தேங்கிய நீரை மோட்டார் போட்டு நேரே வடிகாலில் இறைப்பதை மட்டும் எந்தக் காரணத்துக்காகவும் அனுமதிக்கக் கூடாது. ஒரு நாள் இறைப்பிலேயே மற்ற எல்லாப் பாடும் வீணாகிவிடும்.

20,000 சதுர மீட்டரும் அதற்கு மேலும் கட்டுவோர்தான் சுற்றுச்சூழல் அனுமதிக்கு வர வேண்டும். தெருவுக்குத் தெரு எழும் சின்ன அடுக்ககங்கள் அந்தக் கணக்கில் வராது. அவற்றைக் கேள்வி கேட்க வேண்டியவர்கள் வீடு வாங்கும் நாம்தான். முன்பணம் கொடுக்கும் முன், மழை நாளில் ஒருமுறை மனைக்குப் போய், வெளியேறும் நீரின் நிறத்தைப் பாருங்கள்.

சிமென்ட் நீர் அடுத்த வாரம் கட்டாயம் வரும். பார்க்கத் தெளிவாக இருந்தாலும் அதன் காரத்தன்மை pH அளவில் 12ஐத் தாண்டும். தார்ப்பாய்க்கும் தேத்தாங்கொட்டைக்கும் அது மசியாது.

(தொடரும்)