அமைப்பு முதலில், அழகு பிறகு
குறள் பாடக்குறிப்பை வலைப்பக்கமாக மாற்றும் முறை

கணினியில் தட்டச்சு செய்த பாடக்குறிப்பை வலைப்பக்கமாக மாற்றும்போது இரண்டு இடங்களில் வடிவம் குலைகிறது. ஒன்று, எண்ணிட்ட பட்டியல். மற்றொன்று, பக்கத்தின் நடுவில் வைத்த செய்யுள். திருக்குறள் பாடத்தில் இவ்விரண்டும் சேர்ந்தே வருவதால் அதையே எடுத்துக்காட்டாகக் கொள்வோம்.

கன்னியாகுமரியில் 2000 ஜனவரி 1 அன்று திறக்கப்பட்ட வள்ளுவர் சிலையின் மொத்த உயரம் 133 அடி. பீடம் 38 அடி. அறத்துப்பாலின் அதிகாரங்கள் 38. அதன்மேல் சிலை 95 அடி. இது பொருட்பால் 70, இன்பத்துப்பால் 25 ஆகியவற்றின் கூட்டுத்தொகை. நூலின் அமைப்பே கல்லின் அளவாயிற்று. பாடக்குறிப்புக்கும் இதுவே முறை. எது பட்டியல், எது செய்யுள் என்று முதலில் குறிக்க வேண்டும். அது ஹெச்டிஎம்எல் செய்யும் வேலை. அது திரையில் எப்படித் தோன்ற வேண்டும் என்பதைத் தனியே சொல்ல வேண்டும். அது சிஎஸ்எஸ் செய்யும் வேலை.

இடைவெளி ஏன் உதவாது?

தலைப்பை நடுவில் கொண்டுவர இடைவெளி விசையைப் பலமுறை தட்டுவது நம்மில் பலருக்கும் வழக்கம். உலாவி, தொடர்ந்து வரும் இடைவெளிகளை ஒன்றாகச் சுருக்கிவிடும். அதனால் நாம் நகர்த்திய வரி மீண்டும் இடது ஓரத்துக்கே வந்துவிடும்.

இதற்கு எளிய வழி மார்க்டவுன். 2004-இல் அறிமுகமான இம்முறையில் சாதாரண எழுத்துக் கோப்பிலேயே சில குறிகளை இட்டால் போதும். பாண்டாக் என்னும் இலவச மென்பொருள் அக்கோப்பை வலைப்பக்கமாக மாற்றித் தரும்.

பட்டியலில் கவனிக்க வேண்டியவை

1. பட்டியலுக்கு முன் ஒரு வெற்று வரி விடுக. விடாவிட்டால் பட்டியல் மேலுள்ள பத்தியோடு ஒட்டிக்கொள்ளும்.

2. உட்பட்டியலை நான்கு இடைவெளி உள்ளே தள்ளித் தொடங்குக.

3. இரண்டாம் அதிகாரத்தின் பொருள் விளக்கத்தை 11 என்ற எண்ணில் தொடங்கினால் அடுத்தவை 12, 13 எனத் தாமாகவே வரும். குறள் எண் மாறாது.

4. வரியின் தொடக்கத்தில் ஆண்டை எழுதிப் புள்ளி வைக்காதீர்கள். நம் மாவட்டம் தமிழகத்தோடு இணைந்த 1956-ஐ அவ்வாறு எழுதினால், மென்பொருள் அதைப் பட்டியலின் 1956-ஆம் எண்ணாகக் கொள்ளும். '1956-இல்' என்று எழுதினால் சிக்கல் இல்லை.

தமிழ் எண்களைக் கற்பிப்போருக்கு இன்னொரு வசதி உண்டு. சிஎஸ்எஸ்-இல் பட்டியல் எண்ணின் வகையாக 'தமிழ்' என்பதை ஆங்கில எழுத்தில் குறித்தால் ௧, ௨, ௩ என வரும். ஆனால் பத்து என்பது ௧௦ என்றே வரும். பழைய ௰ வராது. இதை மாணவர்களுக்குச் சொல்லிவிட வேண்டும்.

வரியையா, பெட்டியையா நடுவில் வைப்பது?

மார்க்டவுனில் அடுத்தடுத்த வரிகள் ஒரே பத்தியாக இணைந்துவிடும். குறளின் இரண்டு அடிகளும் ஒன்றாகிவிடும். பாண்டாக்கில் ஒவ்வோர் அடியின் முன்னும் ஒரு செங்குத்துக் கோடும் ஓர் இடைவெளியும் இட்டால் அடிகள் பிரிந்தே நிற்கும்.

அடுத்து நடுவில் வைப்பது. வரிகளை நேரடியாக நடுப்படுத்தினால் நான்கு சீர் கொண்ட முதல் அடி ஓரிடத்திலும், மூன்று சீர் கொண்ட இரண்டாம் அடி அதைவிட உள்ளே தள்ளியும் தொடங்கும். பார்க்க அழகுதான். ஆனால் எதுகை மறைந்துவிடும். முதல் குறளின் இரண்டு அடிகளிலும் இரண்டாம் எழுத்து 'க'. அடிகள் ஒரே நேர்கோட்டில் தொடங்கினால்தான் அந்த இரண்டு 'க'வும் அருகருகே மேலும் கீழுமாகக் குழந்தையின் கண்ணில் படும்.

ஆகவே வரிகளை இடப்பக்கமாகவே விட்டு, அவற்றைச் சுற்றியுள்ள பெட்டியை நடுவில் வையுங்கள். சிஎஸ்எஸ்-இல் பெட்டியின் அகலத்தை ஃபிட்-கன்டென்ட் என்றும், இட வல ஓரங்களை ஆட்டோ என்றும் அமைத்தால் போதும். கைப்பேசியில் முதல் அடி மடிந்து கீழே இறங்கினால் குறள் மூன்று அடிபோலத் தோன்றும்; பெட்டிக்குள் எழுத்தின் அளவைச் சற்றுக் குறைத்து இதைத் தவிர்க்கலாம்.

கேட்டுப் படிக்கும் மாணவருக்கு

பார்வைக் குறைபாடுள்ள மாணவர் டாக்பேக், என்விடிஏ போன்ற திரைவாசிப்பான் வழியாகப் பாடத்தைக் கேட்கிறார். பட்டியல் முறையாகக் குறிக்கப்பட்டிருந்தால் திரைவாசிப்பான் அது பட்டியல் என்பதையும் அதில் எத்தனை உருப்படிகள் உள்ளன என்பதையும் அறிவிக்கும். சிறுகோடும் இடைவெளியும் இட்டுப் பட்டியல்போலக் காட்டியிருந்தால் அவருக்கு அது ஒரே நீண்ட பத்திதான். கண்ணுக்கு இரண்டும் ஒன்றுபோலத் தெரியும்; செவிக்கு அப்படியில்லை.

குறிப்பை அனுப்புமுன் கைப்பேசியை நெடுக்காகவும் கிடையாகவும் பிடித்து ஒருமுறை பாருங்கள். பிறகு டாக்பேக்கை இயக்கி ஒருமுறை கேளுங்கள். இரண்டிலும் குறள் இரண்டு அடியாகவும் பட்டியல் பட்டியலாகவும் இருந்தால் குறிப்பு தயார்.