புற்றுநோய்ப் பணத்தைப் பங்கிடுவது யார்?

புற்றுநோய் ஆய்வுக்கு அரசாங்கம் பணம் ஒதுக்கியதாகப் படிக்கும்போது, 'நல்ல காரியம்' என்று சொல்லிவிட்டு அடுத்த பக்கத்தைப் புரட்டிவிடுகிறோம். அந்தப் பணம் யாருடைய ஆய்வுக்குப் போகவேண்டும் என்பதைத் தீர்மானிப்பவர் யாரென்று எப்போதாவது யோசித்ததுண்டா சகோதரிகளே? வீட்டில் ஒரு நோயாளியை வைத்துப் பராமரித்தவர்களுக்கு இது அந்நியமான கேள்வியல்ல. தகுதியற்ற ஆய்வுக்குப் போகும் பணம், தகுதியுள்ள ஆய்வொன்றுக்குக் கிடைக்காமற்போன பணம்.

அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில் நடந்ததைக் கேளுங்கள். 2007ஆம் ஆண்டு அம்மாநில மக்கள் வாக்களித்து, புற்றுநோய் ஆய்வுக்கும் தடுப்புக்கும் 300 கோடி டொலர் வரை கடன் பெற அனுமதி கொடுத்தார்கள். பணத்தைப் பங்கிட ஒரு பொது நிறுவனம் அமைந்தது. அதன் விஞ்ஞானப் பொறுப்பு, நோபல் பரிசு பெற்ற ஆல்பிரட் கில்மனிடம் ஒப்படைக்கப்பட்டது. விண்ணப்பங்களைப் பரிசீலிக்கும் நிபுணர்கள் எல்லோரும் டெக்சாஸுக்கு வெளியே வாழ்பவர்களாக இருக்கவேண்டும் என்பது ஏற்பாடு. தன் பிள்ளையின் விடைத்தாளைத் தானே திருத்த எந்த ஆசிரியையையும் நாம் விடமாட்டோம் அல்லவா? அதே நியாயம்தான்.

ஆனால் முன்வாசலில் காவல் இருக்க, பக்கவாசல் திறந்து கிடந்தது. 2012இல் ஹூஸ்டன் நகரின் இரு பெரிய நிறுவனங்கள் சேர்ந்து கேட்ட சுமார் 2 கோடி டொலர், விஞ்ஞானிகளின் பரிசீலனைக்குப் போகாமலே அங்கீகாரம் பெற்றது. வர்த்தகத் திட்டம் என்ற பெயரில் அது வேறு வழியால் சென்றுவிட்டது! கில்மன் பதவி விலகினார். மீளாய்வுச் சபைத் தலைவர் பிலிப் சார்ப் (இவரும் நோபல் பரிசு பெற்றவரே) உட்பட நிபுணர்கள் பலர் வெளியேறினர். அவ்வாண்டின் இறுதியில் இன்னொன்றும் அம்பலமானது. 2010இல் பெலோட்டன் என்ற கம்பனிக்கு வழங்கப்பட்ட 1 கோடி 10 இலட்சம் டொலரை எந்த நிபுணரும் பரிசீலித்திருக்கவில்லை. டிசம்பரில் புதிய மானியங்கள் நிறுத்தப்பட்டன.

2013இல் சட்டம் திருத்தப்பட்டது. மேற்பார்வைக் குழுவுக்கு 9 பேர். ஆளுநர், துணை ஆளுநர், சபாநாயகர் ஆகியோர் தலா 3 பேரை நியமிப்பார்கள். முன்பு அக்குழுவில் அங்கம் வகித்த சட்டமா அதிபர் விலக்கப்பட்டார். தவறு நடந்தால் வழக்குத் தொடுக்கவேண்டியவர், பணம் கொடுக்கும் மேசையிலேயே அமர்ந்திருந்தது எவ்வளவு விசித்திரம்! ஒவ்வொரு மானியமும் விதிப்படி வந்ததா என்று பார்க்கத் தனி உத்தியோகத்தர் ஒருவரும் வந்தார்.

பெலோட்டன் கம்பனியின் கதை அத்தோடு முடியவில்லை. 2019இல் மெர்க் நிறுவனம் அதை வாங்கியது. அங்கு உருவான பெல்சுடிஃபான் என்ற மருந்து, பரம்பரையாக வரும் ஒருவகைக் கட்டி நோய்க்கு 2021இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. 'மருந்து கிடைத்துவிட்டதே, பிறகென்ன?' என்று நீங்கள் கேட்கலாம். 2010இல் அதை அறிந்திருந்தவர் யார்? வரிசையில் நின்று முறைப்படி விண்ணப்பித்தவர்களின் முகத்தைப் பார்த்து அப்படிச் சொல்லமுடியுமா?

2019இல் டெக்சாஸ் மக்கள் மீண்டும் வாக்களித்து, மேலும் 300 கோடி டொலருக்கு அனுமதி கொடுத்தார்கள். பரிசீலிப்பவர்கள் இப்போதும் வெளிமாநிலத்தவர்களே.