‘நான்’ என்று பேசும் பாதிரியார்

ஒன்பதாம் வகுப்பு மாணவர்களின் கட்டுரை ஏடுகளைத் திருத்திக்கொண்டிருந்தேன். ‘தன் வரலாறு கூறுதல்’ கொடுத்திருந்தேன். பேனா, பேருந்து, ஆலமரம் என்று வழக்கம்போல் வந்துகொண்டிருந்தன. பழவேற்காடு ஏரிக்கரைக் குப்பம் ஒன்றிலிருந்து வரும் மாணவி மட்டும் மீன் வியாபாரியாகப் பேசியிருந்தாள். “நான் ரொம்ப நல்லவன். படகுக்காரர்களுக்கு முன்பணம் கொடுத்து உதவுகிறேன். எடை போடும்போது என் கை தட்டில் லேசாகப் படும். அது வயதான கையின் நடுக்கம்.”

சிவப்பு மையில் “ஏமாற்றுவதை நல்லது என்று எழுதக் கூடாது” என்று குறித்து, பத்துக்கு மூன்று போட்டேன். ஏட்டை வாங்கிப் பார்த்துவிட்டு அவள் மெதுவாகச் சொன்னாள்: “சார், அது நான் இல்ல சார். அவரு பேசுறாரு.”

அவள் சொன்னதுதான் சரி. பேனா ‘நான்’ என்று பேசினால் நமக்குக் குழப்பமே இல்லை. மனிதர் ஒருவர், அதுவும் குறையுள்ள மனிதர் பேசினால் உடனே எழுதியவரைக் கூண்டில் நிறுத்திவிடுகிறோம். எழுதுபவர் வேறு, கதைசொல்லி வேறு என்பதை நாமே தேர்வுக்கு மட்டும் வைத்திருக்கிறோம்.

நம் இலக்கியத்தில் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு விறலிவிடு தூது. சிற்றிலக்கிய வகையான தூதுக்குள் அடங்குவது. மனைவியோடு பிணங்கி வெளியூர் போன ஒருவன், பெரும்பாலும் கற்றறிந்த அந்தணன், தாசி ஒருத்தியிடம் மயங்கிப் பொருளையெல்லாம் இழக்கிறான். திரும்பி வந்து, மனைவியைச் சமாதானப்படுத்த விறலியை அனுப்புகிறான். அப்போது தான் பட்ட பாட்டையெல்லாம் தன் வாயாலேயே சொல்கிறான். பதினெட்டாம் நூற்றாண்டின் கூளப்பநாயக்கன் விறலிவிடு தூது இவ்வகையில் பெயர்பெற்றது. அதைப் பாடிய சுப்பிரதீபக் கவிராயர், வீரமாமுனிவருக்குத் தமிழ் கற்பித்தவர் என்று சொல்லப்படுபவர். அந்த மாணவரோ பரமார்த்த குருவையும் ஐந்து சீடர்களையும் நமக்குத் தந்தார். சமயத் துறவி ஒருவரே அறிவற்ற குருவைப் பார்த்துச் சிரிக்கும் கதை அது. ஆனால் அங்கே குரு ‘நான்’ என்று கதை சொல்வதில்லை. வெளியே நின்று ஒருவர் சொல்கிறார்.

குருவே ‘நான்’ என்று சொல்லிச் சிரிக்க வைத்தால்? அதற்கு ஸ்பெயின் வரை போகவேண்டும். ஈத்தா என்ற ஊரின் தலைமைக் குரு ஹுவான் ருயிஸ் எழுதிய ‘நல்ல காதலின் நூல்’ பதினான்காம் நூற்றாண்டைச் சேர்ந்தது. கைப்படிகளில் 1330, 1343 என இரண்டு ஆண்டுகள் காணப்படுகின்றன. ஏறத்தாழ 1,700 செய்யுள்கள். பெரும்பாலானவை நான்கு அடிகளும் ஒரே இயைபில் முடிபவை. கதைசொல்லிக்கும் அதே பெயர், அதே பதவி. அவர் பெண்கள் பின்னால் அலைகிறார், பெரும்பாலும் தோற்கிறார். அவருக்கும் ஒரு தூதி உண்டு, கிழவி. கடவுள் அன்பைப் போதிக்கவே எழுதுகிறேன் என்கிறார். உலகக் காதலை நாடுவோர்க்கும் இதில் வழி கிடைக்கும் என்று அடுத்த மூச்சில் சொல்கிறார். சொந்தப் பெயரையே சூட்டியதால், இது அவருடைய வாழ்க்கையா கற்பனையா என்று அறிஞர்கள் நெடுங்காலம் வாதிட்டார்கள். கற்பனைப் பாத்திரமாகவே பார்ப்பது எனக்குச் சரியாகப் படுகிறது.

நூலின் தொடக்கத்திலேயே அவர் ஓர் எச்சரிக்கை வைக்கிறார். கிரேக்க அறிஞனுக்கும் ரோமாபுரி முரடன் ஒருவனுக்கும் சைகையில் வாதம். அறிஞன் ஒரு விரல் காட்டுகிறான்: கடவுள் ஒருவரே. கண்ணைக் குத்துவேன் என்கிறான் என்று முரடன் நினைத்து மூன்று விரலை நீட்டுகிறான். அறிஞனோ அதை மும்மை வடிவான இறைவன் என்று கொள்கிறான். காளிதாசன் இளவரசியிடம் இரண்டு விரல் காட்டிய கதையை வகுப்பில் சொல்லியிருப்போமே, அதேதான்! பொருள் பார்ப்பவர் கையில் இருக்கிறது, என்னைக் குறை சொல்லாதே என்பது குருவின் குறும்பு.

எங்கள் பிள்ளைகளுக்குப் பிடித்தது வேறு பகுதி. இறைச்சியரசனுக்கும் தவக்கால அரசிக்கும் போர். அவன் பக்கம் கோழியும் பன்றித் தொடையும். அவள் படை முழுக்க மீன்கள். உப்பிட்ட மத்தி கொழுத்த கோழியைத் தாக்குகிறது. மீன்படைதான் வெல்கிறது. தவக்காலத்தில் இறைச்சி விலக்கு, மீனுக்குத் தடையில்லை என்ற அக்கால வழக்கம் இதன் அடிப்படை. “மீன் தின்னா விரதமா சார்?” என்று வகுப்பே சிரித்தது. புரட்டாசியில் மீன் விலை இறங்குவதைப் பார்த்து வளர்ந்த பிள்ளைகள் வேறென்ன கேட்பார்கள்?

நூலின் இறுதியில் நகைப்பு கூர்மையாகிறது. உடன் வாழும் பெண்களைக் கைவிடும்படி தலவேரா நகரக் குருமார்களுக்குப் பேராயரின் ஆணை வருகிறது. அதை எடுத்துப்போகும் கதைசொல்லியே வருந்துகிறார். குருமார்களோ கூட்டம் போட்டு அழுது, அரசனிடம் முறையிடப் பேசுகிறார்கள். ஒருவரும் ‘இது தவறு’ என்று வெளியிலிருந்து சொல்வதில்லை. அவர்களுடைய நியாயங்களே அவர்களைக் காட்டிக்கொடுக்கின்றன. கைநடுக்கத்தைச் சொன்ன வியாபாரியும் அப்படித்தானே பேசினார்?

இப்போது இந்தப் பயிற்சியை இப்படி நடத்துகிறேன். பேசுபவர் தன்னை நல்லவர் என்று நம்பவேண்டும். எங்கே அகப்பட்டுக்கொள்கிறார் என்பதைப் படிக்கும் தோழரே அடிக்கோடிட வேண்டும். ஊர்க்காரர் எவரையும் பெயரால் சுட்டக் கூடாது என்பது ஒரே கட்டுப்பாடு. சிறிய ஊர், நாளை அதே படகில் போகவேண்டியவர்கள். ஆறாம் வகுப்புக்கு மனிதர் வேண்டாம், மடவையும் நண்டும் பேசட்டும்.

அந்த ஏட்டில் மூன்றை அடித்துவிட்டு ஒன்பது போட்டேன். சிவப்பு மையில் நான் எழுதியதையும் அடித்துக் கையெழுத்திட்டேன். அடுத்த வாரம் அவள் எழுதி வந்தது, ‘கட்டுரை திருத்தும் ஆசிரியர் தன் வரலாறு கூறுதல்’.