கயிறு கட்டிய ஓவியம்

1912இல் பிகாசோ செய்த ஒரு சிறிய ஓவியத்துக்கு மரச்சட்டம் கிடையாது. முட்டை வடிவக் கித்தானைச் சுற்றிக் கயிறு கட்டியிருக்கும், அவ்வளவுதான். இன்று பாரிஸ் பிகாசோ அருங்காட்சியகத்தில் இருக்கிறது. கோப்பை, கத்தி, எலுமிச்சைத் துண்டு, புகைக்குழாய் என்று காபிக்கடை மேசைச் சாமான்கள். கீழே நாற்காலியின் பிரம்புப் பின்னல். அதை அவர் வரையவே இல்லை. பின்னல்போல அச்சடித்த மெழுகுத்துணியை ஒட்டிவிட்டார். அச்சு அசல் பிரம்பாகத் தெரிவது கடைச்சரக்கு. ஓவியர் கைப்பட வரைந்த கோப்பைதான் உடைந்து சிதறிக் கிடக்கிறது. இந்தக் குறும்பு புரிந்தால் கியூபிசம் என்ற ஓவியப் பாணி பாதி புரிந்த மாதிரி.

மீதிப் பாதி பார்வைக் கோணம். ஓரிடத்தில் நின்று ஒற்றைக் கண்ணால் பார்த்ததுபோல் வரைவது ஐரோப்பாவில் பல நூற்றாண்டு வழக்கம். பிகாசோவும் அவருடைய சக ஓவியர் பிராக்கும் அதைக் கைவிட்டார்கள். கோப்பையின் வாய் மேலிருந்து பார்த்தபடி வட்டமாக இருக்கும். உடம்போ பக்கவாட்டில் நிற்கும். நிறங்களையும் பழுப்பு, சாம்பல் என்று அடக்கி வாசித்தார்கள்.

பிராக் வீட்டுக்கு வண்ணம் பூசும் குடும்பத்துப் பிள்ளை. ஈர வண்ணத்தில் சீப்பை இழுத்து மரத்தின் ரேகைகளைப் போலியாக வரவழைக்கும் தொழில் நுணுக்கத்தைப் பிகாசோவுக்குக் காட்டியவர் அவர்தான். அதே 1912இல் பிராக் பிரான்சின் அவிஞோன் நகரக் கடையொன்றில் மரரேகை அச்சிட்ட சுவர்த்தாளைப் பார்த்தார். வாங்கி வெட்டிப் படத்தில் ஒட்டினார். பிறகு செய்தித்தாளும் வந்தது. அந்தச் செய்தித்தாள் துண்டுகளில் இன்று நாம் ரசிக்கும் பழுப்பு, ஓவியர் தேர்ந்த நிறமல்ல. மலிவுத்தாள் வெளிச்சம் பட்டு முதிர்ந்த நிறம்.

இத்தகைய படத்தின் அச்சுப்பிரதியை வீட்டில் மாட்டுவதாக இருந்தால் முதலில் பளபளப்பை ஒதுக்குங்கள். இந்த ஓவியர்கள் வார்னிஷை விரும்பவில்லை. பிற்காலத்தில் பிறர் பூசிய வார்னிஷ் பல கியூபிச ஓவியங்களின் வறண்ட மேற்பரப்பைக் கெடுத்திருக்கிறது. ஆகவே மேட் தாள். கண்ணாடி போட்டால் ஜன்னலுக்கு எதிர்ச்சுவர் வேண்டாம். நேர் வெயில் எந்தத் தாளுக்கும் ஆகாது. வரவேற்பறை நடுச்சுவரில், சோபாவுக்கு மேலே உயரத்தில் ஏற்றுவதும் எனக்கு உடன்பாடில்லை. கைக்கெட்டும் மேசையைப் பற்றிய படம் இது. உட்கார்ந்தால் கண்மட்டத்தில் வரும்படி, சாப்பாட்டு மேசைப் பக்கம் மாட்டினால் பொருந்தும். 'இது என்ன?' என்று விருந்தாளி கேட்டால், எலுமிச்சைத் துண்டை மட்டும் காட்டிவிடுங்கள். மற்றதை அவரே தேடிக்கொள்வார்.